‘வரமாட்டேன்’ என்று எழுத ஒரு பக்கம்

என் கப்பல் வெடித்துச் சிதறி, அடுத்த கப்பல் கைக்கு வர இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்த ஒரு சனிக்கிழமை மதியம்தான் அது எனக்கு உறைத்தது. சண்டை அப்போதும் முடியவில்லை. எங்களை வழிநடத்திக்கொண்டிருந்தவரின் இணைய இணைப்பு பாதியில் அறுந்துபோக, பதினான்கு பேர் ஆளுக்கொரு திசையில் பறந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. வரைபடத்தைத் திறந்து வைத்து வேடிக்கை பார்த்தேன். உரையாடல் பெட்டியில் ஒரு வரி வந்து விழுந்தது.

“மக்கா, நான் எங்க நிக்கணும்?”

கேட்டவர் ‘சாளை’. அது விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட மீன் பெயர். குளச்சல் பக்கத்து ஆள், வளைகுடாவில் ஜெனரேட்டர் மெக்கானிக் என்பது மட்டும் அப்போது தெரியும். என்னை எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. சும்மா இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் இருக்கலாம். நிலவுக்குப் பின்னால் நில்லுங்கள், அங்கே எதிரி கண்ணுக்குப் படமாட்டீர்கள் என்றேன். போய் நின்றார். உடனே இன்னொருவர் கேட்டார். பத்து நிமிடத்தில் பதினான்கு பேரும் நான் சொன்ன இடத்தில் நின்றார்கள். தோற்றோம்தான். ஆனால் சிதறித் தோற்காமல் சேர்ந்து தோற்றோம். என் புதுக் கப்பல் வந்து வாசலில் நின்றது. நான் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது நான்கு வருடம் ஓடிவிட்டது. இருபத்தேழு வயதில் ‘ஓய்வு பெற்றவன்’ என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் ‘தென்முனை’ அணியின் தலைமைப் பொறுப்பை இந்த மாதத்தோடு விட்டுவிட்டேன். அதை நான்கு பேராகப் பிரித்து ஏற்றுக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று வீட்டார் யாராவது எட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இது ஒரு இணைய விண்வெளி விளையாட்டு. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். தனியாகவும் பறக்கலாம், கூட்டம் சேர்த்து அணி கட்டித் தளம் பிடிக்கவும் செய்யலாம். எங்களுடையது பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்த அணி. ஒரு காலத்தில் முப்பத்தொரு பேர். அதில் பாதிப்பேர் வெளிநாட்டில்.

எந்தக் கப்பலுக்கு எந்தப் பீரங்கி என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல நினைப்பது வேறு. சுடுகிற விளையாட்டில், சுடாமல் உட்கார்ந்து ஆள் பட்டியலையும் முறை அட்டவணையையும் பார்ப்பதில் அப்படி என்ன சுகம்? என் அக்கா கேட்டாள். அலுவலக நண்பன் கேட்டான். “அதிகார ஆசை” என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

அதிகாரமாவது ஒன்றாவது. எங்கள் அணிக்குச் சின்னம் முடிவு செய்த கதை உங்களுக்குத் தெரியாது. கழுகு, வாள், எரிகல் என்று மூன்று படம் வரைந்து கொண்டுபோய் வைத்தேன். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மட்டிப்பழக் குலை போடலாம் என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். செந்துளுவன்தான் போட வேண்டும் என்று இன்னொருவர் எதிர்த்தார். மூன்று வாரம் வாழைப்பழச் சண்டை நடந்தது. எந்தப் போருக்கும் வராதவர்கள்கூட அதற்கு வந்தார்கள். கடைசியில் விண்வெளியில் மட்டிக்குலைக் கொடி பறந்தது. எதிரிகள் அதை மஞ்சள் ராக்கெட்டுகள் என்று நினைத்துக்கொண்டார்கள். தலைவன் என்கிற நான் அந்த மூன்று வாரமும் செய்தது ஓட்டு எண்ணியது மட்டும். ஆனால் அந்த மூன்று வாரம்போல நான் மகிழ்ச்சியாக இருந்தது அபூர்வம்.

ஏன் என்று சொல்ல என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டாற்றில் ஒரு சந்துக்குள், பாத்திரக் கடைக்கு மேலே மாடி. அக்காவுக்குப் பிரசவம் என்று அப்பாவும் அம்மாவும் மஸ்கட் போனார்கள். முதல் குழந்தை, பிறகு இரண்டாவது குழந்தை, அங்கேயே தங்கிவிட்டார்கள். நான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மென்பொருளில் கோளாறு கண்டுபிடித்து எழுதி அனுப்புகிற வேலை. வாரக்கணக்கில் வாய் திறந்து பேசுவது சாப்பாட்டுக் கடையில் பார்சல் சொல்லும்போது மட்டும். கீழே பாத்திரம் உருளும், சந்தைச் சத்தம் கேட்கும், பள்ளிவாசல் பாங்கு கேட்கும், பேராலய மணி கேட்கும். எல்லாமே வேறு யாருக்கோ கொடுக்கிற சத்தம். அந்த நிலையில் இருக்கிறவனிடம் ஒருவர் வந்து, நான் எங்கே நிற்கட்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? நிர்வாகத்தின் ருசி அதுதான். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் சாளையின் கதை.

இரண்டு மாதம் எல்லோரும் கனிமம் தோண்டிக் கொண்டுவந்து கொட்டி, அணிக்கென்று ஒரு பெரிய சுமைக்கப்பல் கட்டினோம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாளை அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் கொள்ளைக் கூட்டம் நிற்கிறது, திரும்பு என்று குரல் இணைப்பில் மூன்று முறை கத்தினோம். அவர் நேராகப் போய் அவர்கள் நடுவில் இறங்கினார். கப்பல் போயிற்று. அரை மணி நேரத்தில் அணியே கொதித்தது. சாளையை வெளியேற்று, இப்போதே வெளியேற்று என்று பதினேழு பேர் எழுதினார்கள். வெளியேற்றும் பொத்தான் என் ஒருவனிடம்தான் இருந்தது. விரல் அதன்மேல்தான் இருந்தது. எனக்கும் கோபம்தான்.

ஆனாலும் தனியாக ஒரு வரி கேட்டுப் பார்ப்போம் என்று எழுதினேன். நாங்கள் கத்தியது கேட்கவில்லையா?

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “எனக்கு ஒண்ணும் கேக்காது மக்கா. ரூம்ல எட்டுப் பேரு. நைட் டூட்டி முடிச்சவனுவ பகல்ல உறங்குவானுவ. நான் மைக்குல பேசினா செருப்பு பறக்கும். காதுல மாட்டிக்கிட்டா ஃபோர்மேன் வந்து விளிக்கது கேக்காது. நீங்க எழுதுகத மட்டுந்தான் நான் வாசிப்பேன்.”

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பேசத் தெரியாதவன எதுக்கு வச்சிருக்கணும்னு எடுத்து விட்டிருவியன்னு நெனச்சேன்.”

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. எட்டுப் பேர் இருக்கிற அறையில் சத்தம் போடாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர்கூட இல்லாத வீட்டில் நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். அன்று முதல் ஒரு வழக்கம் வைத்தோம்: குரலில் சொல்வதை ஒரு வரி எழுதியும் போட வேண்டும், வாசித்தவர் பதிலுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். ஒரே ஒரு புள்ளி. இருக்கிறேன், கண்டேன் என்று அர்த்தம். ஒருவரை வெளியேற்றும் முன் தனியாக ஒரு வரி கேளுங்கள். நான் கற்றதில் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தவறு. பெரிய தவறு.

ஒவ்வொரு தளத்துக்கும் கவசம் உண்டு. கவசம் மூடியிருக்கும்வரை யாரும் தொட முடியாது. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் அது திறந்தே ஆக வேண்டும். எந்த ஒரு மணி நேரம் என்பதைத் தளத்துக்காரர்களே தேர்ந்தெடுக்கலாம். யாராவது முற்றுகை அறிவித்துவிட்டால் மாற்ற முடியாது. ஆகவே தங்கள் ஆட்கள் அதிகம் இருக்கிற நேரத்தைத்தான் எல்லோரும் வைப்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று வைத்தேன். குழுவில் போட்டு, சரிதானா என்றும் கேட்டேன். இருபத்தொன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். சாளை ஒரு புள்ளி வைத்தார்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, எங்களைவிட மூன்று மடங்கு பெரிய அணி ஒன்று முற்றுகை அறிவித்தது. வருகிற ஞாயிறு பத்து மணிக்குக் கவசம் திறக்கும்போது தளத்தை உடைப்போம் என்றார்கள். தளம் என்றால் எங்களுக்கு எல்லாமே அதுதான். முப்பத்தொரு பேரின் கப்பல்கள், இரண்டு வருட உழைப்பு, மட்டிக்குலைக் கொடி. அது போனால் அணி கலையும். எத்தனையோ அணிகள் அப்படிக் கலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அணி கலைந்தால் என்னிடம் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இருபது பேராவது வந்தால் தாக்குப்பிடிக்கலாம். யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். நாலு கை எழுந்தது.

வியாழன் சாயங்காலம் டீச்சர் போன் பண்ணினார். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அணிக்குள் சண்டை வந்தால் தீர்த்து வைப்பவர். நேரில் பார்த்ததில்லை. எனக்குப் பத்து வயது மூத்தவர்.

“ஏலே மக்கா, ஞாயித்துக்கெழம காலத்த ஆராதனை இல்லியா? அதுவும் வாறது அறுப்பின் பண்டிகை. நான் கொயர்ல நிக்கணும். நம்ம கூட்டத்துல பாதிப்பேரு சபைக்காரங்க, அது உனக்குத் தெரியும் இல்லியா?”

பின்னே ஏன் எல்லோரும் கட்டைவிரல் காட்டினீர்கள் என்று கேட்டேன்.

“நீயும் சபைக்காரன்தானே. ஞாயித்துக்கெழம பத்து மணின்னா என்னன்னு உனக்குத் தெரியும்னாக்கும் நாங்க நெனச்சோம். ஏதோ கணக்கு வச்சிருக்க, கோயில் நேரத்துல எவனும் அடிக்க வரமாட்டான்னு நெனச்சு வச்சிருக்கன்னு விட்டுட்டோம்.”

என்னிடம் ஒரு கணக்கும் இல்லை. அப்பா அம்மா போனபிறகு இரண்டு வருடமாக நான் கோயிலுக்குப் போகவில்லை. வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்குக் கல்யாணம், காது குத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். இத்தனையும் தெரிந்தவன் எப்படி அந்த நேரத்தை வைத்தேன்? டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஞாயிறு காலை எங்கள் சந்து காலியாகும். துவைத்துத் தேய்த்த துணியோடு எல்லோரும் வெளியே போவார்கள். கடை கிடையாது, அலுவலகச் செய்தி கிடையாது. வாரத்தில் நான் பயப்படுகிற நேரம் அது ஒன்றுதான். அதை நிரப்ப முப்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்குக் காலியாக இருந்ததால் எல்லோருக்கும் காலி என்று நினைத்துவிட்டேன்.

“கவலப்படாத. ரெண்டாம் பாட்டு முடிஞ்சதும் வயித்து வலின்னு சொல்லிட்டு எறங்கி வந்திருகேன்,” என்றார் டீச்சர். சாளை ஏற்கெனவே எழுதியிருந்தார், டூட்டி நேரத்தில் ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்று எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று. ஒருவர் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்குப் பிந்திப் போகலாம் என்றார்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாருங்கள், இந்த ஒரு தடவை மட்டும். எழுதியும் விட்டேன். அனுப்பவில்லை. தளம் போனால் திரும்பக் கட்டலாம். ஸ்டோர் ரூமில் பிடிபட்டு ஒருவர் வேலை போனால் எந்த விளையாட்டில் திரும்பக் கட்டுவது? என் பிழைக்கு அவர்கள் பொய் சொல்ல வேண்டுமா? அழித்துவிட்டு வேறு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம். நேரம் வைத்தது என் தவறு. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவரவர் கப்பலை வெளியே கொண்டுபோய்விடுங்கள். தளத்தை விட்டுவிடலாம்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் திட்டவும் செய்தார்கள். ஆனால் இரண்டு நாளும் வந்து, தங்கள் கப்பல்களோடு மற்றவர்களுடையதையும் சேர்த்து நகர்த்தினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தளத்தில் என் சிறு கப்பல் ஒன்றும், கழற்ற முடியாத கொடியும்தான் மிச்சம்.

ஞாயிறு பத்து மணிக்கு நான் மட்டும் இருந்தேன். ஏன் இருந்தேன்? வேறு எங்கே போவது? தெருமுனைக் கோயிலில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியை எங்கள் சந்துப் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். கவசம் திறந்தது. எதிரிகள் வரிசையாக வந்து இறங்கினார்கள். திரை முழுக்கக் கப்பல். பழக்கதோஷத்தில் குழுவில் எழுதினேன்: யாராவது இருக்கிறீர்களா?

ஒரு புள்ளி விழுந்தது.

சாளை. டூட்டியில் இல்லையா, போய்விடுங்கள் என்றேன். “கப்பல் கொண்டு வரல. போன்ல சும்மா பாக்கேன். நீ எழுது,” என்றார். எழுதினேன். மேற்கு வாசல் போயிற்று என்றேன். புள்ளி. கனிமக் கிடங்கு போயிற்று. புள்ளி. என்னை இன்னும் சுடவில்லை, இங்கே ஏன் ஒரே ஒரு கப்பல் நிற்கிறது என்று குழம்புகிறார்கள் போல என்றேன். இரண்டு புள்ளி வந்தது. சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வெளியே ஒலிபெருக்கியில் அறுப்பின் பண்டிகைக்குப் படைத்த காய்கனிகளின் ஏலம் ஆரம்பித்திருந்தது. ஒரு தடியங்காய், ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவினார்கள். கூட்டம் சிரித்தது. மட்டிக்குலைக் கொடி எரிந்ததை எழுதியபோது புள்ளி வரக் கொஞ்சம் நேரமானது. ஆனால் வந்தது. நாற்பது நிமிடம் அப்படி. அந்த நாற்பது நிமிடம் நான் தனியாக இல்லை என்று சொல்வது பொய். தனியாகத்தான் இருந்தேன். அதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை.

ஏழு பேர் அந்த வாரமே விலகினார்கள். மற்ற இருபத்துநான்கு பேரும் இருந்தார்கள். அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தைத் தொடங்கினேன். அணியின் அறிவிப்புப் பலகையில் ‘வரமாட்டேன்’ என்று தலைப்பிட்ட பக்கம். வருவீர்களா என்று கேட்டால் தலையாட்டுவார்கள். எப்போது வரமாட்டீர்கள் என்று கேட்டால்தான் உண்மையைச் சொல்வார்கள். காரணம் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களாகவே எழுதினார்கள். மண்டைக்காடு கொடை விழா, மூணு நாள் எதிர்பார்க்க வேண்டாம். மழைக்கு முன்னால் ரப்பர் ஷீட் உலர்த்தி எடுக்கணும். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், மிக்சர் வாங்குகிற பொறுப்பு என்னுடையது. மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே வண்டி நெரிசலில் நிற்கிறேன், என்றைக்கு வீடு சேருவேன் என்று தெரியாது.

காலையில் காப்பியோடு அதைத்தான் படிப்பேன். இருபத்துநான்கு வீடுகளில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். புதுத் தளத்துக்கான நேரத்தை அதைப் பார்த்துத்தான் வைத்தோம். இன்றுவரை அது விழவில்லை. ஒரு அணியை நடத்துவதில் என்ன சுகம் என்று கேட்ட அலுவலக நண்பனுக்கு அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் டீச்சர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்திருக்கிறார். கணக்கு டீச்சர் இல்லையா, கட்டம் விட்டுப்போனால் கண்ணில் பட்டுவிடும்.

“ஏலே, உன் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லியே. நீ ஒருநாளும் எங்கயும் போறதில்லியா?”

தலைவன் என்றால் கடமை தவறக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சரி மக்கா என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு நான் அந்தக் கட்டத்தைப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருடம், வெள்ளை வெளேரென்று. நான் விலகியதற்குக் காரணம் அது. அணியில் சலிப்போ உங்களில் யார்மேலும் வருத்தமோ இல்லை. எல்லோருக்கும் நிற்க இடம் சொல்லிக்கொண்டே இருந்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டியதில்லை. இந்த வேலையின் ஆபத்து அதுதான். நீங்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் கட்டம் காலியாகவே இருந்தால் மற்ற மூவரும் கேளுங்கள்.

அடுத்த வாரம் நான் சாதாரண உறுப்பினன். சண்டை வந்தால் உங்களிடம்தான் வந்து கேட்பேன், எங்கே நிற்கட்டும் என்று. ஆனால் இந்த ஞாயிறு வேண்டாம். சாளை மூன்று வருடம் கழித்து லீவில் வருகிறார். காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்குகிறது. வீட்டார் வேன் பிடித்து வருகிறார்களாம். நீயும் வாறியா என்று எழுதிக் கேட்டார். நான்கு வருடத்தில் அவர் குரலை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. முகம் தெரியாது. நாகர்கோவிலில் எத்தனை மணிக்குப் பஸ் ஏறினால் சரியாக இருக்கும் என்று இன்றைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது, நான் எங்கே நிற்கட்டும் என்று அவரிடம் கேட்டேன்.

“ஆளுவ வெளிய வாற வாசல்ல நில்லு. மத்தத நான் பாத்துக்கிடுகேன்,” என்று எழுதினார்.

நான் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பெயருக்கு நேராக எழுதினேன்: ஞாயிறு காலை வரமாட்டேன். சாளையைக் கூட்டிவரப் போகிறேன்.